ஆக்சிலேட்டரை விட்டதும் சைலன்சரில் பட் பட்டுனு வெடி: ஏ.ஐ.எஸ். ஹோஸை அடைச்சிடலாமா?

சாயங்கால சவாரி:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போவேன். இன்னைக்குத்தான் முதல் தடவையா கேட்கிறேன்.

என் வண்டி 150 சிசி, ஒற்றை சிலிண்டர், ஏர் கூலிங், கார்புரேட்டர் வண்டி. 9 வருஷம் ஆச்சு, 48,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. வாங்கினதிலிருந்து நான் மட்டும்தான் ஓட்டுறேன். சைலன்சர் வண்டியோட வந்ததுதான், மாத்தல.

பிரச்னை இதுதான். மூணாவது கியர்ல 5,000 ஆர்பிஎம் வரைக்கும் போய் ஆக்சிலேட்டரை முழுசா விட்டா, ஒரு ரெண்டு விநாடி கழிச்சு சைலன்சருக்குள்ள பட்... பட் பட்... பட்டுனு வெடிக்குது. இறக்கத்துல கியர்லயே இறங்கினா கீழ வர்ற வரைக்கும் விடாது. நடுவுல ஒண்ணு ரெண்டு பெரிய வெடியும் வரும். போன வாரம் அப்படி வெடிச்சப்ப, பேரனைக் கையில பிடிச்சுட்டு ஓரமா நடந்துபோன பெரியவர் ஒருத்தர் பதறிப்போய் குழந்தையைத் தன் பக்கமா இழுத்துக்கிட்டார். வண்டியை நிறுத்தி மன்னிப்புக் கேட்டுட்டு வந்தேன். அன்னையிலிருந்து இறக்கம் வந்தாலே கிளட்ச்சைப் பிடிச்சுக்கிட்டு பிரேக்கிலயே இறங்குறேன். அது தப்புன்னு தெரியும், ஆனா வேற வழி தெரியல.

இதுவரைக்கும் செஞ்சது: புது பிளக் போட்டாச்சு, ஏர் ஃபில்டர் மாத்தியாச்சு, கார்புரேட்டரைக் கழட்டி ஜெட்டெல்லாம் சுத்தம் பண்ணியாச்சு. எதுக்கும் குறையல. இன்னொண்ணும் சொல்லிடறேன், சம்பந்தம் இருக்கான்னு தெரியல: வேகமா வந்து நிறுத்தினா ஐடில் (ஆக்சிலேட்டரைத் தொடாதப்ப எஞ்சின் சுத்துற வேகம்) உடனே இறங்குறதில்ல. 2,000 பக்கத்துல கொஞ்ச நேரம் தொங்கிட்டு, அப்புறம் மெதுவா இறங்கும்.

வழக்கமா பார்க்கிற மெக்கானிக் ஒரே வார்த்தையில சொல்லிட்டார்: ஏ.ஐ.எஸ். (ஏர் இண்டக்‌ஷன் சிஸ்டம்) ஹோஸைக் கழட்டி உள்ள ஒரு போல்ட்டைச் சொருகி கிளிப் போட்டா சத்தமே வராது, அஞ்சு நிமிஷ வேலை. வீடியோக்கள்லயும் அதைத்தான் காட்டுறாங்க. வண்டியோட வந்த ஒரு பாகத்தை அடைக்கிறதுக்கு எனக்கு ஏனோ மனசு ஒப்பல. அது எதுக்கு இருக்கு? அடைச்சா மைலேஜ் குறையுமா? எஞ்சின் சூடாகுமா? அனுபவம் இருக்கிறவங்க சொல்லுங்க.


ரெட்லைன்:

அடைச்சிடுங்க நண்பா. நான் அடைச்சு மூணு வருஷமாச்சு. மைலேஜ் அப்படியே இருக்கு, பிக்கப் அப்படியே இருக்கு, வெடி மட்டும் போயிடுச்சு. அது புகையைக் குறைக்க வெச்ச சமாச்சாரம், எஞ்சின் ஓடுறதுக்கு அது தேவையே இல்ல.


ஸ்பேனர் 13:

தம்பி, போல்ட்டைச் சொருக அஞ்சு நிமிஷம் போதும், உண்மைதான். அதுக்கு முன்னாடி எனக்காக ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்க. ‘சம்பந்தம் இருக்கான்னு தெரியல’ன்னு ஒரு வரி போட்டீங்களே, நீங்க எழுதினதுலயே எனக்கு முக்கியமாப் பட்டது அந்த வரிதான். அதுக்குக் கடைசியில வர்றேன்.

முதல்ல ஒரு விஷயத்தைப் பிரிச்சுக்கலாம். இதை நிறைய பேர் பேக்ஃபயர்னு சொல்றாங்க. பேக்ஃபயர்னா கார்புரேட்டர் பக்கமா எகிறி வெடிக்கிறது, அதுக்குக் காரணங்கள் வேற. உங்களுக்கு வர்றது ஆஃப்டர்ஃபயர், எஞ்சினைத் தாண்டிப்போய் சைலன்சருக்குள்ள வெடிக்கிறது. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிட்டா தேவையில்லாத பாகத்தையெல்லாம் மாத்திக்கிட்டே இருப்போம்.

இப்ப ஏன் வெடிக்குதுன்னு பாருங்க. ஆக்சிலேட்டரை விட்டதும் கார்புரேட்டர் வாய் மூடிடுது. ஆனா வண்டி ஓடுற வேகத்துல சக்கரம் எஞ்சினைச் சுத்திக்கிட்டே இருக்கு. பிஸ்டன் கீழ இறங்கி உறிஞ்சுது, உள்ள வர்றதுக்கு வழி இல்ல. மேனிஃபோல்டுல, அதாவது கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவுல இருக்கிற குழாயில, வேக்குவம் (உறிஞ்சுற இழுப்பு) எக்கச்சக்கமா ஏறும். அந்த நேரத்துல சிலிண்டருக்குள்ள வர்றது பைலட் ஜெட்ங்கிற ஐடிலுக்கான சின்னத் துளை வழியா வர்ற கொஞ்சூண்டு பெட்ரோலும் காத்தும்தான். அதோட முந்தின சுத்துல எரிஞ்சு மிஞ்சின புகையும் கலந்து கிடக்கும். இந்த மாதிரிக் கலவையில ஸ்பார்க் விழுந்தாலும் எல்லாத் தடவையும் தீப்பிடிக்காது. பிடிக்காத பெட்ரோல் ஆவி அப்படியே, எஞ்சினையும் சைலன்சரையும் இணைக்கிற பெண்ட் பைப்புக்குள்ள போகும். அங்க சூடு ஏற்கெனவே இருக்கு. பெட்ரோலும் வந்தாச்சு. இனி காத்து மட்டும் சேரணும், சேர்ந்தா வெடி. அந்தக் காத்து எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிக்கிறதுதான் நம்ம வேலை.

ஏ.ஐ.எஸ். என்ன செய்யுதுன்னு கேட்டீங்க. ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து ஒரு ஹோஸ் வருது. நடுவுல ஒரு கட்-ஆஃப் வால்வு. அதுக்கு அடுத்து மெல்லிசா ஒரு எஃகுத் தகடு வெச்ச ரீடு வால்வு. அங்கிருந்து சிலிண்டர் ஹெட்ல எக்ஸாஸ்ட் வால்வுக்கு அடுத்தாப்ல ஒரு சின்னத் துளை. அவ்வளவுதான், பம்ப்பு கிம்ப்பு எதுவும் கிடையாது. ஒவ்வொரு தடவையும் புகை வேகமா வெளியேறினதும் அதோட வாலைப் பிடிச்ச மாதிரி ஒரு கணம் அழுத்தம் குறையும். அந்தக் கணத்துல ரீடு திறந்து சுத்தமான காத்தை உள்ள விடும். அழுத்தம் திரும்பி வந்தா ரீடு படக்குனு மூடிக்கும். ஒற்றை சிலிண்டர் வண்டி 1,400 ஆர்பிஎம்ல ஐடில்ல நிக்கும்போது நிமிஷத்துக்கு 700 தடவை புகை வெளியேறுது. அந்தத் தகடு அந்தத் துடிப்புக்கெல்லாம் ஈடு கொடுத்துத் திறந்து மூடிக்கிட்டு இருக்கு. உள்ள போற காத்து, எரியாம வந்த பெட்ரோல் ஆவியையும் கார்பன் மோனாக்சைடையும் பைப்புலயே எரிச்சு, தண்ணீர் ஆவியாவும் கார்பன் டை ஆக்சைடாவும் மாத்திடும். யமஹாவுல ஏ.ஐ.எஸ்.னு சொல்றதை சுசுகியிலயும் ஹோண்டாவுலயும் பி.ஏ.ஐ.ஆர்.னு சொல்வாங்க, அடிப்படை ஒண்ணுதான்.

ரெட்லைன் சொன்னது இதுவரைக்கும் சரி. எல்லாம் எக்ஸாஸ்ட் வால்வுக்கு அந்தப் பக்கம் நடக்குறதால, அடைச்சாலும் அடைக்காட்டியும் சிலிண்டருக்குள்ள போற கலவை மாறாது. பவரும் கூடாது, மைலேஜும் குறையாது. பெண்ட் பைப் முன்ன விடக் கொஞ்சம் சூடு குறைவா இருக்கும், ஏன்னா அங்க நடக்குற இரண்டாவது எரிப்பு நின்னுபோகும்.

ஆனா அந்தக் கட்-ஆஃப் வால்வு எதுக்கு இருக்குன்னு யோசிச்சீங்களா? ஆக்சிலேட்டரை விடுற நேரத்துல இந்தக் காத்து போனா வெடிக்கும்னு வடிவமைச்சவங்களுக்கும் தெரியும். அதுக்காகத்தான் அதை வெச்சிருக்காங்க. கார்புரேட்டர் வண்டியில அந்த வால்வுக்குள்ள ஒரு ரப்பர் டயாஃபிரம் இருக்கும். மேனிஃபோல்டுலயிருந்து ஒரு மெல்லிய வேக்குவம் ஹோஸ் அதுக்குப் போகும். ஆக்சிலேட்டரை விட்டதும் வேக்குவம் ஏறும்னு சொன்னேன்ல, அந்த வேக்குவமே டயாஃபிரத்தை இழுத்துக் காத்தை அடைச்சிடும். அதாவது நீங்க போல்ட்டு வெச்சு அடைக்க நினைக்கிறதை, உங்க வண்டி வேணுங்கிற நேரத்துல மட்டும் தானே அடைச்சுக்கணும். இத்தனை வருஷம் அடைச்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கு. இப்ப ஏன் அடைக்கல?

இப்ப நீங்க செய்ய வேண்டியது ஒரே ஒரு சோதனை. ஏர் ஃபில்டர் பெட்டிக்கும் கட்-ஆஃப் வால்வுக்கும் நடுவுல இருக்கிற தடிமனான ஹோஸை, துணி சுத்தி ஒரு கிளாம்ப் போட்டு நசுக்கி மூடுங்க. கிளாம்ப் இல்லன்னா மடிச்சு கேபிள் டை போட்டு இறுக்குங்க. ஹெட் பக்கத்துல இருக்கிற சூடான முனையைத் தொடாதீங்க. அதே இறக்கத்துல, அதே மூணாவது கியர்ல ஒரு தடவை இறங்கிப் பாருங்க. வெடி முழுசா நின்னுச்சா, பாதி நின்னுச்சா, நிக்கவே இல்லையா? மூணுக்கும் மூணு வழி. பார்த்துட்டு வந்து சொல்லுங்க. ஐடில் பத்தி அப்புறம் பேசலாம்.


மழைக்காலப் பயணி:

நல்ல விளக்கம் அண்ணே. எஃப்.ஐ. வண்டி (கார்புரேட்டருக்குப் பதிலா ஃபியூவல் இன்ஜெக்‌ஷன்) வெச்சிருக்கிறவங்க யாராவது இதைப் படிச்சா அவங்களுக்காக என் அனுபவம். என் வண்டியில வேக்குவம் டயாஃபிரம் கிடையாது, ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) சொல்றபடி திறந்து மூடுற சொலினாய்டு வால்வு இருக்கு. அதை முழுசாக் கழட்டிட்டு கப்ளரைச் சும்மா தொங்கவிட்டேன், மீட்டர்ல எஃப்.ஐ. விளக்கு எரிய ஆரம்பிச்சுது. சொலினாய்டை இருந்த இடத்துலயே கரண்ட்டோட விட்டுட்டு ஹோஸை மட்டும் அடைச்சா விளக்கு வரல.

ஆனா பைப்புல புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கிற வண்டியா இருந்தா யோசிச்சுச் செய்யுங்க. கேட்டலிஸ்ட் வேலை செய்ய ஆக்சிஜன் வேணும், எஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போது அது சீக்கிரம் சூடேறவும் இந்தக் காத்து உதவுது. நான் ரெண்டே மாசத்துல திருப்பி மாட்டிட்டேன்.


சாயங்கால சவாரி:

அண்ணா, இவ்வளவு விளக்கமா எழுதினதுக்கு ரொம்ப நன்றி. காலையில பண்ணிப் பார்த்துட்டேன். கிளாம்ப் கிடைக்கல, மடிச்சு ரெண்டு கேபிள் டை போட்டேன்.

பெரிய வெடி சுத்தமா இல்ல. ஆனா முழுசா நின்னுடுச்சுன்னு சொல்ல முடியாது. இறக்கத்தோட கடைசியில, வேகம் குறைஞ்சு 3,000 ஆர்பிஎம்முக்குக் கீழ வரும்போது புட் புட்டுனு நாலஞ்சு தடவை மெதுவா வந்துச்சு. முன்ன மாதிரி ஆளைப் பதற வைக்கிற சத்தம் இல்ல, ஹெல்மெட்டுக்குள்ள எனக்கு மட்டும் கேட்கிற அளவு. ஐடில் தொங்குறது அப்படியேதான் இருக்கு, அதுல மாற்றமே இல்ல.

வண்டியை நிறுத்திட்டுக் குனிஞ்சு பார்த்தப்ப இன்னொண்ணு கண்ணுல பட்டுச்சு. பெண்ட் பைப் ஹெட்டோட சேருற இடத்துல, கீழ்ப்பக்கமா விரல் அகலத்துக்குக் கருப்பா புகைக்கோடு போட்ட மாதிரி இருக்கு. துடைச்சா கையில மை மாதிரி ஒட்டுது. இது எப்பவும் இருக்கிறதா, புதுசான்னு தெரியல, இத்தனை வருஷத்துல அந்தப் பக்கம் குனிஞ்சு பார்த்ததே இல்ல.


ஸ்பேனர் 13:

அந்தக் கருப்புக் கோட்டைப் பார்த்தீங்களே தம்பி, அதுவே பாதி வேலை. அந்த இடத்துல உள்ள இருக்கிற கேஸ்கெட் ஒரு வளையம், ஒரு தடவை நசுங்கி உட்கார்ந்தா அதோட ஆயுசு முடியிற வரைக்கும் அப்படியே இருக்கணும். 9 வருஷத்துல தளர்ந்திருக்கும். புகை வெளிய கசியுற ஓட்டை வழியா, அழுத்தம் குறையிற கணத்துல காத்து உள்ளயும் போகும். அதாவது யாரும் வைக்காத இன்னொரு ஏ.ஐ.எஸ். அங்க ஓடிக்கிட்டு இருக்கு, கட்-ஆஃப் வால்வு இல்லாம. ஹோஸை அடைச்ச பிறகும் மிச்சம் வந்த புட் புட்டுல ஒரு பங்கு இதனாலதான்.

இப்ப ஐடிலுக்கு வர்றேன். ஆக்சிலேட்டரை விட்டும் எஞ்சின் 2,000-ல தொங்குதுன்னா, கேபிள் பிடிச்சுக்கிட்டு இருக்கணும், இல்ல கார்புரேட்டரைத் தாண்டி எங்கயோ காத்து இழுக்கணும். கேபிள்ல ப்ளே இருக்கான்னு கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தாலே தெரிஞ்சிடும். அது சரியா இருந்தா, மேனிஃபோல்டு பக்கம் எங்கயோ ஒரு கசிவு இருக்கு. அந்த மேனிஃபோல்டுலயிருந்துதான் நான் சொன்ன மெல்லிய வேக்குவம் ஹோஸ் கிளம்புது. அந்த ஹோஸ்ல விரிசல் விட்டிருந்தா ரெண்டு கெடுதல் ஒண்ணாச் சேரும். கட்-ஆஃப் வால்வுக்கு இழுப்பு போய்ச் சேராது, அதனால ஆக்சிலேட்டரை விட்டாலும் ஏ.ஐ.எஸ். மூடாது. அதே ஓட்டை வழியா எஞ்சின் திருட்டுக் காத்து இழுக்கும், கலவை லீன் ஆகும் (காத்து கூடி பெட்ரோல் குறையும்), ஸ்பார்க்குக்குத் தீப்பிடிக்காத தடவைகள் இன்னும் கூடும். வெடிக்கத் தேவையான பெட்ரோலும் காத்தும் ஒரே ஓட்டையால வந்து சேருது.

இதனாலதான் போல்ட்டு வேண்டாம்னேன். என் பழைய வண்டியில நான் அதைச் செஞ்சிருக்கேன். ஒரு இரும்புக் குண்டை ஹோஸுக்குள்ள தள்ளி கிளிப் போட்டேன். வெடி நின்னுச்சு, சந்தோஷமா அஞ்சு மாசம் ஓட்டினேன். அப்புறம் மேடு ஏறும்போது எஞ்சினுக்குள்ள கிணுகிணுன்னு ஒரு சத்தம். பிளக்கைக் கழட்டினா சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளை, எலெக்ட்ரோடு ஓரம் மழுங்கியிருந்துச்சு. மேனிஃபோல்டு ரப்பர்ல, கையால வளைச்சாத்தான் வாயைத் திறக்கிற மாதிரி ஒரு வெடிப்பு. அஞ்சு மாசமா எஞ்சின் லீனா ஓடியிருக்கு. வெடிச்சு வெடிச்சு எனக்குச் சொல்லிக்கிட்டு இருந்ததை நானே வாயைப் பொத்தி வெச்சிருக்கேன். ஹோஸைக் கழட்டினா ஹெட் பக்க முனை சூட்டுல கருகி, தொட்டாலே உதிர்ந்துச்சு. ரீடு சரியா மூடாம சூடான புகை ஏறி வந்து அந்தக் குண்டுல முட்டிக்கிட்டு நின்னிருக்கு. அதை எடுத்துப் போட்ட நாள் இன்னும் கண்ணுல நிக்குது.

நீங்க பார்க்க வேண்டியதைச் சொல்றேன். ஏ.ஐ.எஸ்.ஸோட தடிமன் ஹோஸை ஏர் ஃபில்டர் பெட்டி முனையில மட்டும் கழட்டுங்க. எஞ்சினை ஐடில்ல விட்டு, அந்த ஹோஸ் வாய்ல விரல் நுனியை வையுங்க. குட்டி மீன் கடிக்கிற மாதிரி டுக் டுக் டுக்குனு இழுக்கும், அப்படி இழுத்தா ரீடு நல்லா இருக்கு. இழுக்கிறதுக்குப் பதிலா சூடா ஊதினாலோ, ஹோஸுக்குள்ள கரி படிஞ்சிருந்தாலோ ரீடு கெட்டுப்போச்சு. விரலை எடுக்காம ஆக்சிலேட்டரை ஒரு முறுக்கு முறுக்கி டக்குனு விடுங்க. விட்ட அந்த நொடியில இழுப்பு நிக்கணும், கொஞ்சம் கழிச்சுத் திரும்ப வரணும். நிக்காம இழுத்துக்கிட்டே இருந்தா கட்-ஆஃப் மூடல.

மூடலன்னா மெல்லிய ஹோஸை ரெண்டு முனையிலயும் வளைச்சுப் பாருங்க. வெடிப்பு முக்கால்வாசி, நிப்பிள் (ஹோஸ் மாட்டுற சின்னக் குழாய் முனை) மேல ஏறி உட்கார்ற இடத்துலதான் வரும், நேரா இருக்கும்போது தெரியாது. ஹோஸ் நல்லா இருந்தா, ஊசி இல்லாத ஒரு பெரிய சிரிஞ்சை வால்வோட வேக்குவம் நிப்பிள்ல மாட்டி இழுங்க. இழுக்கும்போது எதிர்ப்பு தெரியணும், விட்டதும் சிரிஞ்சோட பிஸ்டன் தானா திரும்பி வரணும். எதிர்ப்பே இல்லாம வந்து, விட்டதும் இழுத்த இடத்துலயே நின்னா டயாஃபிரம் கிழிஞ்சிருக்கு, வால்வை மாத்தணும். மேனிஃபோல்டு ரப்பரைப் பார்க்க, எஞ்சின் ஓடும்போது சுத்தித் தண்ணியை மெல்லிசா ஸ்ப்ரே பண்ணுங்க. ஐடில் சத்தம் மாறினா அந்த இடத்துல இழுக்குது. கார்புரேட்டர் கிளீனரை அடிக்கச் சொல்வாங்க, சூடான எஞ்சின் மேல அதை அடிக்காதீங்க, தீப்பிடிக்கிற சரக்கு அது.

இதெல்லாம் சரிபண்ணின பிறகுதான், ஐடில் கலவையைச் சரிபண்ற பைலட் ஸ்க்ரூ பக்கம் போகணும். கசிவை வெச்சுக்கிட்டு ஸ்க்ரூவைத் திருகினா ரெண்டும் தப்பாப் போயிடும்.


ரெட்லைன்:

அண்ணே, நீங்க எழுதினதைப் படிச்சிட்டு ராத்திரியே டார்ச் அடிச்சு என் வண்டியைப் பார்த்தேன். நான் அடைச்சப்ப கட்-ஆஃப் வால்வையே கழட்டிட்டேன், அதனால மேனிஃபோல்டுல வேக்குவம் நிப்பிள் காலியா இருந்துச்சு, அதுக்கு ரப்பர் மூடி போட்டிருந்தேன். அந்த மூடி இப்ப வெயில்ல காஞ்சு ஓரத்துல பிளந்திருக்கு. எவ்வளவு நாளா இப்படி ஓடுதுன்னு தெரியல. இன்னைக்கு மாத்திட்டேன், மேல ஒரு கிளிப்பும் போட்டுட்டேன்.

அடைக்கத்தான் போறேன்னு முடிவு பண்றவங்களுக்கு, நான் செஞ்ச முறையை முழுசாச் சொல்லிடறேன், முன்ன ஒரே வரியில சொன்னது தப்பு. போல்ட்டோ குண்டோ போடாதீங்க. ரீடு வால்வு மூடியைக் கழட்டி, ரீடை எடுத்துட்டு, அந்த இடத்துக்கு அளவா அலுமினியத் தகடு வெட்டி கேஸ்கெட்டோட போடணும். அப்படிப் போட்டா சூடு ஹெட்டோட நின்னுடும், கருக ஹோஸே இருக்காது. ஏர் ஃபில்டர் பெட்டியில ஹோஸ் மாட்டியிருந்த ஓட்டையையும் மூடணும், இல்லன்னா ஃபில்டரைத் தாண்டித் தூசி நேரா எஞ்சினுக்குள்ள போகும். மேனிஃபோல்டு நிப்பிளை மூடணும், அந்த மூடியை ஒவ்வொரு சர்வீஸுக்கும் பார்க்கணும். எடுத்த பாகங்களைப் பத்திரமா வெச்சிருங்க. புகைச் சோதனைக்குப் போனப்ப எனக்குக் கார்பன் மோனாக்சைடு அளவு கூடிப்போய், எல்லாத்தையும் திருப்பி மாட்டிட்டுப் போக வேண்டியிருந்துச்சு. புகைக் கட்டுப்பாட்டுப் பாகத்தைக் கழட்டுறதையே நிறைய நாடுகள்ல சட்டம் தடுக்குது, அதையும் மனசுல வெச்சுக்கோங்க.


சாயங்கால சவாரி:

முடிஞ்சது அண்ணா. ரெண்டு நாள் ஆச்சு, ஒவ்வொண்ணா எழுதறேன், பின்னாடி யாருக்காவது உதவும்.

விரல் சோதனையை முதல்ல செஞ்சேன். நீங்க சொன்ன மாதிரியே டுக் டுக்குனு இழுத்துச்சு, ஹோஸ் உள்ள சுத்தமா இருந்துச்சு, கரி இல்ல. முறுக்கி விட்டேன். நிக்கவே இல்ல. பத்துத் தடவை பண்ணிப் பார்த்தேன், ஒரு தடவைகூட இழுப்பு நிக்கல.

மெல்லிய ஹோஸை மேனிஃபோல்டு பக்கம் கழட்டும்போது எதுவும் தெரியல, நல்லாத்தான் இருந்துச்சு. வளைச்சதும் நிப்பிள் விளிம்பு உட்கார்ந்திருந்த இடத்துல வட்டமா, முக்கால் சுத்துக்கு வாயைப் பிளந்துச்சு. உள்பக்கம் பளபளன்னு புது ரப்பர் மாதிரி, வெளிப்பக்கம் மட்டும் சாம்பல் பூத்து வறண்டு கிடந்துச்சு. அதை ஒரு வாரமா நாலு தடவை தொட்டிருக்கேன், கார்புரேட்டர் கழட்டினப்ப அதைத்தான் கையால ஒதுக்கிப் பிடிச்சிருந்தேன்.

வெடிச்ச முனையை வெட்டிட்டுப் போட்டா நீளம் பத்தல, அதனால அதே உள்விட்டத்துல புது வேக்குவம் ஹோஸ் 15 சென்டிமீட்டர் வெட்டிப் போட்டேன். சிரிஞ்ச் சோதனையும் செஞ்சேன், டயாஃபிரம் நல்லா இருக்கு, ரெண்டு நிமிஷம் இழுத்துப் பிடிச்சுட்டு விட்டும் பிஸ்டன் படக்குனு திரும்பி வந்துச்சு. திரும்ப விரல் வெச்சு முறுக்கி விட்டேன். இழுப்பு டக்குனு நின்னுச்சு, மூணு நாலு விநாடி கழிச்சு மறுபடி டுக் டுக். அந்த நிமிஷம் எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சுன்னு எழுதத் தெரியல.

கேஸ்கெட் போடத்தான் அரை நாள் ஆச்சு. பெண்ட் பைப் நட்டுல ஒண்ணு துரு பிடிச்சு அசையவே இல்ல. துரு இளக்குற ஆயில் அடிச்சு ராத்திரி முழுக்க விட்டு, காலையில எஞ்சினைக் கொஞ்சம் சூடு பண்ணிட்டுத் திருகினதும் வந்துடுச்சு. பழைய வளையம் ஒரு பக்கம் காகிதம் மாதிரி மெலிஞ்சு, கருப்புக் கோடு இருந்த அதே இடத்துல அரிச்சுப் போயிருந்துச்சு.

ஐடில் இப்ப விட்டதும் நேரா 1,400-க்கு வந்து நிக்குது. சாயங்காலம் அதே இறக்கத்துல மூணாவது கியர்ல, கிளட்ச்சைப் பிடிக்காம இறங்கினேன். கடைசித் திருப்பத்துல மட்டும் புட்டுனு ஒரே ஒரு சின்னச் சத்தம். அதுக்காகப் பைலட் ஸ்க்ரூவைத் தொடணுமா அண்ணா, இல்ல அப்படியே விட்டுடலாமா?


ஸ்பேனர் 13:

அருமை தம்பி, கையால வளைச்சுப் பார்த்ததுதான் கெட்டிக்காரத்தனம்.

ஸ்க்ரூவை இப்பத் தொடாதீங்க. புது கேஸ்கெட் சூட்டுல உட்கார்ந்து கொஞ்சம் இறங்கும், நட்டு லேசாத் தளரும். ரெண்டு மூணு நாள் நல்லா ஓட்டிட்டு, எஞ்சின் முழுசா ஆறினதும் ரெண்டு நட்டையும் மாத்தி மாத்தி, சமமா இறுக்குங்க. ஒரே நட்டை முழுசா இறுக்கிட்டு அடுத்ததுக்குப் போகாதீங்க, வளையம் கோணலா உட்கார்ந்துடும். அப்படியே டேப்பெட் கிளியரன்ஸையும் (வால்வுக்கு விடுற இடைவெளி) பார்த்துடுங்க, 48,000 ஓடின வண்டியில எக்ஸாஸ்ட் வால்வு இறுகியிருக்க வாய்ப்பு உண்டு. அளவு உங்க வண்டி மேனுவல்ல இருக்கும், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்க.

அதுக்கப்புறமும் அந்த ஒரு புட் வந்தா, அப்பப் பைலட் ஸ்க்ரூ. உங்க கார்புரேட்டர்ல அது எஞ்சின் பக்கம் இருந்தா அது பெட்ரோல் கலவையைத் திருப்புற ஸ்க்ரூ, கால் சுத்து வெளிய எடுத்தா ரிச் ஆகும் (பெட்ரோல் கூடும்). ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தா அது காத்து ஸ்க்ரூ, கால் சுத்து உள்ள திருகினாத்தான் ரிச் ஆகும். தொடறதுக்கு முன்னாடி, முழுசா உள்ள போக எத்தனை சுத்துன்னு எண்ணி எழுதி வெச்சுக்கோங்க. கால் சுத்துக்கு மேல ஒரே நேரத்துல போகாதீங்க. பிளக் நிறத்தையும் பார்த்து எழுதுங்க.